யாருக்கு எப்போது தெரிகிறது: த்ரில்லர் நாவலும் அதன் படமும்

ஒரு த்ரில்லர் நாவல் படமாகி வந்ததும் முதலில் காதில் விழுவது "புத்தகம் படிச்சவங்களுக்குப் படம் பிடிக்காது" என்ற பேச்சு. பின்னாலேயே ஒரு பட்டியல் வரும். இன்ன கதாபாத்திரத்தைக் காணோம், முடிவை மாற்றிவிட்டார்கள், நாயகனின் சிறுவயது விவகாரத்தைத் தொடவே இல்லை, இப்படி. இந்தப் பட்டியலோடு எனக்கு வெகுநாளாகவே ஒரு தகராறு. விடுபட்டதை எண்ணித்தான் மார்க் போட வேண்டும் என்றால், 1975இல் ஸ்பீல்பெர்க் எடுத்த ‘ஜாஸ்’ படுமோசமான தழுவலாக இருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு வந்த பீட்டர் பெஞ்ச்லியின் நாவலில் போலீஸ் தலைவரின் மனைவிக்கும் சுறா ஆராய்ச்சியாளன் ஹூப்பருக்கும் கள்ள உறவு உண்டு. மேயர் மாஃபியா ஆட்களின் பிடியில் இருக்கிறார். ஹூப்பர் கூண்டுக்குள் இறங்கிச் சாகிறான். சுறா கடைசியில் பட்ட காயங்களால் ஓய்ந்து அடங்குகிறது. படம் இத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டது. ஹூப்பர் பிழைக்கிறான், சுறா, வாயில் சிக்கிய காற்று சிலிண்டரோடு வெடித்துச் சிதறுகிறது. படத்தின் உச்சம் என்று பலர் சொல்லும் இண்டியானாபொலிஸ் கப்பல் பேச்சு (மூழ்கிய போர்க்கப்பலின் ஆட்கள் சுறாக்களிடம் சிக்கிய கதை) நாவலில் கிடையவே கிடையாது. இருந்தும் நாவலுக்குத் துரோகம் செய்துவிட்டார்கள் என்று யாரும் வருத்தப்படுவதில்லை. இன்னொரு பக்கம், நாவலின் ஒரு சம்பவம் விடாமல் அடுக்கி எடுத்த படங்கள் பாதியிலேயே கொட்டாவி விட வைக்கின்றன. ஆக, சம்பவங்களை எண்ணுவதில் ஏதோ தப்பு இருக்கிறது.

என் அபிப்பிராயம் இது. குடும்பக் கதையிலோ வரலாற்று நாவலிலோ சம்பவங்களும் மனிதர்களும் முதல். த்ரில்லரில் அவை இரண்டாம் பட்சம். அங்கே முதல் விஷயம், யாருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்பது. ஒரு பேரேட்டில் மூன்று பத்தி போட்டது போல நினைத்துக்கொள்ளுங்கள்: துரத்துகிறவனுக்குத் தெரிந்தது, ஓடுகிறவனுக்குத் தெரிந்தது, வாசகனுக்குத் தெரிந்தது. ஒரு பத்தியில் இருக்கும் தகவல் இன்னொரு பத்திக்குப் போகும் நேரம்தான் த்ரில்லரின் இதயத் துடிப்பு. இந்தக் கணக்கைச் சரியாகக் கொண்டுவந்த படம், ஊரையும் பெயரையும் மாற்றினாலும் நாவலுக்கு நெருங்கிய சொந்தம். சம்பவங்களை எல்லாம் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கில் கோட்டை விட்ட படம் தூரத்துச் சொந்தம்கூட இல்லை.

முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதை

இதைச் சோதித்துப் பார்க்க ஃப்ரெடரிக் ஃபோர்சைத்தின் ‘தி டே ஆஃப் தி ஜக்கால்’ மாதிரி இன்னொரு நாவல் கிடைக்காது. நாவல் வந்தது 1971இல். கதை நடப்பது 1963இல். பிரெஞ்சு ஜனாதிபதி சார்ல்ஸ் டி கோலைக் கொல்ல, அல்ஜீரியா விவகாரத்தில் அவர்மீது வெறுப்புக் கொண்ட ஓ.ஏ.எஸ். இயக்கத்தின் தலைவர்கள் ‘ஜக்கால்’ என்ற சங்கேதப் பெயர் கொண்ட ஒரு வெளிநாட்டுக் கூலிக் கொலைகாரனை 5 லட்சம் டாலருக்கு அமர்த்துகிறார்கள். ஆனால் டி கோல் 1970 நவம்பரில் தன் வீட்டில் இயற்கையாக இறந்தார். கொலை நடக்கவில்லை என்பது அட்டையைத் திறக்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். சில பதிப்பகங்கள் இதைக் காரணம் காட்டித்தான் கைப்பிரதியைத் திருப்பி அனுப்பின. அவர்கள் த்ரில்லரை "கடைசியில் என்ன ஆகும்" என்ற கேள்வியாகப் பார்த்தார்கள். பாரிஸில் ராய்ட்டர் நிருபராக இருந்த ஃபோர்சைத்துக்கு வேறு கேள்வி இருந்தது: இவன் எதை எப்படிச் செய்வான், அது போலீசுக்கு எப்போது தெரியவரும்?

அதனால்தான் நாவல் செய்முறை விளக்கம் போல நகர்கிறது. ஜக்கால் பொய்ப் பெயரில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுக்கும் பகுதியைப் பாருங்கள். கிராமத்துச் சர்ச்சுகளின் கல்லறைகளைச் சுற்றி, தன் வயதை ஒட்டிப் பிறந்து குழந்தையாகவே இறந்துபோன ஓர் ஆணின் பெயரைத் தேடுகிறான். அலெக்சாண்டர் டக்கன் என்ற பெயர் கிடைக்கிறது. அந்தப் பெயருக்குப் பிறப்புச் சான்றிதழ் நகல் வாங்குகிறான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பி, தெரிந்தவர் என்று ஒரு பாதிரியார் கையெழுத்திட்டதாகத் தானே சான்று தயாரித்து அனுப்புகிறான். அன்று பிறப்புப் பதிவையும் இறப்புப் பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இல்லாததால் பாஸ்போர்ட் வந்துவிடுகிறது. அந்த ஓட்டை நிஜத்திலும் இருந்தது. நாவல் வந்து பல பத்தாண்டுகள் கழித்தும் பிரிட்டனில் இந்த வகை மோசடிக்கு ‘ஜக்கால் மோசடி’ என்றே பெயர்.

1973இல் ஃப்ரெட் ஜின்னமன் இதைப் படமாக்கினார். திரைக்கதை கென்னத் ராஸ். பாஸ்போர்ட் பகுதி படத்தில் இருக்கிறது, ஆனால் விளக்கம் இல்லை. ஓர் ஆள் கல்லறைகளுக்கு நடுவே நடக்கிறான், ஒரு கல் முன்னால் நிற்கிறான். அடுத்து ஓர் அலுவலகம், ஒரு விண்ணப்பம். ஏன் செய்கிறான் என்று யாரும் சொல்வதில்லை. நாவல் வாசகனுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்து காட்டுகிறது. படம் செய்து காட்டிவிட்டு நம்மைக் கண்டுபிடிக்க விடுகிறது. ஒரே சம்பவம்தான், ஆனால் மூன்றாவது பத்தியில் தகவல் ஏறும் நேரம் வேறு. நாவலில் நாம் ஜக்காலின் கூட்டாளி. படத்தில் அவனுக்கு அரை அடி பின்னால் நடக்கும் துப்பறிவாளர். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டுதான் ஜின்னமன் படம் முழுவதையும் கட்டியிருக்கிறார். பின்னணி இசை மிகமிகக் குறைவு. காட்சிகளில் திரும்பத் திரும்பச் சுவர்க் கடிகாரங்கள் வருகின்றன. ஜக்காலாக எட்வர்ட் ஃபாக்ஸ். அன்று அவர் பெரிய நட்சத்திரம் கிடையாது. இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரியது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஊரும் பெயரும் எப்படி மாறின என்பதையும் கவனிக்கலாம். நாவலில் துப்பாக்கி செய்து தருகிறவர் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த கூஸன்ஸ். படத்தில் ஜெனோவாவில் இருக்கும் இத்தாலியர் கோட்சி. டேனிஷ் பாதிரியார் வேஷம் படத்தில் டேனிஷ் பள்ளி ஆசிரியர் வேஷம் ஆகிறது. இதில் ஒன்றுமே கெட்டுப்போகவில்லை, ஏனென்றால் அந்த மூன்று பத்திகளில் எந்தத் தகவலும் இடம் மாறவில்லை.

கெட்டுப்போன இடம் ஒன்று உண்டு. நாவலில் கோவால்ஸ்கி என்று ஒரு முரட்டு முன்னாள் சிப்பாய் வருகிறான். ஓ.ஏ.எஸ். தலைவர்களின் காவலாள். தன் சின்ன மகளுக்கு உடல்நிலை சரியில்லை என்று வந்த கடிதத்தை நம்பி மார்செய் வந்து, பிரெஞ்சு உளவுத்துறையிடம் சிக்குகிறான். மகளுக்கு வந்ததாகச் சொல்லப்படும் நோயின் பெயர்கூட அவனுக்குப் பிடிபடவில்லை. சித்திரவதையில் அவன் உளறியதிலிருந்துதான் ‘ஜக்கால்’ என்ற சொல் முதல்முறையாக அரசாங்கத்தின் காதுக்கு எட்டுகிறது. படத்தில் இந்த ஆளின் பெயர் வோலன்ஸ்கி. அவனை ரோமிலேயே கடத்திவிடுகிறார்கள். மகள் இல்லை, கடிதம் இல்லை. ஜக்கால் என்ற சொல் பத்தி மாறுவது மட்டும் அப்படியே நடக்கிறது. கணக்கு சரி, ஆனால் அந்தச் சொல்லுக்குக் கொடுத்த விலை நமக்குத் தெரியாமல் போகிறது. நாவலில் அந்த அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு அதன் பிறகு அரசாங்கத்தின் பக்கம் முழுதாகச் சாய முடியாது. படம் பார்க்கிறவர்களுக்கு அந்தத் தயக்கம் வருவதில்லை. இதை நான் உண்மையான நஷ்டமாகவே நினைக்கிறேன்.

தர்பூசணியும் திருகாணியும்

துப்பாக்கியைச் சோதிக்கும் காட்சி நாவலிலும் படத்திலும் புகழ்பெற்றது. ஆள் நடமாட்டமில்லாத இடம். நாவலில் அது பெல்ஜியத்தின் ஆர்டென் காடு. பழம் முலாம்பழ வகை. படத்தில் இத்தாலிய நாட்டுப்புறம், பழம் தர்பூசணி. அதன்மேல் கண், மூக்கு, வாய் என்று ஒரு முகம் வரைந்து, வலைப்பையில் போட்டு மரக்கிளையில் தொங்கவிடுகிறான். தூரம் நடந்து வந்து, துப்பாக்கியை மரத்தோடு சேர்த்துப் பிடித்துச் சுடுகிறான். குண்டு தள்ளிப் போய்ப் படுகிறது. ஸ்கோப்பின் திருகாணியைச் சிறிய ஸ்குரூடிரைவரால் கொஞ்சமே கொஞ்சம் திருப்புகிறான். மறுபடி சுடுகிறான். நெருங்கிவிட்டது. மறுபடி திருகுகிறான். சரியாக வரும் வரை இதே வேலை. அதன் பிறகுதான் பாதரசம் வைத்த வெடிகுண்டு ரவையைப் போட்டுச் சுடுகிறான். பழம் இருந்த இடத்தில் வெறும் வலை.

பேச்சே இல்லாத இந்தக் காட்சியில் என்ன நடந்தது? வாசகனுக்கும் பார்வையாளனுக்கும் இரண்டு தகவல் ஏறியிருக்கிறது: இந்தத் துப்பாக்கி எவ்வளவு துல்லியம், ஒரு குண்டு பட்டால் என்ன ஆகும். கடைசிக் காட்சி வேலை செய்ய இவை இரண்டும் கட்டாயம் வேண்டும். துல்லியம் தெரியாவிட்டால், கடைசியில் குண்டு தவறும்போது "குறி தப்பிவிட்டது, அவ்வளவுதான்" என்று ஆகிவிடும். தர்பூசணியைப் பார்த்தவர்களுக்குத்தான், அவன் குறி தப்பவே தப்பாது, வேறு ஏதோ குறுக்கே வந்தால்தான் உண்டு என்று தெரியும்.

1997இல் ‘தி ஜக்கால்’ என்று ஓர் அமெரிக்கப் படம் வந்தது. ப்ரூஸ் வில்லிஸ் கொலைகாரன். முழுத் தலைப்பை மறுபடி பயன்படுத்துவதை ஜின்னமன் எதிர்த்ததால் சுருக்கிக்கொண்டார்கள். அதிலும் துப்பாக்கி செய்கிறவன் உண்டு, சோதனைக் காட்சியும் உண்டு. ஆனால் துப்பாக்கி ஒரு வேனுக்குள் வைத்துத் தூரத்திலிருந்து இயக்கும் பிரம்மாண்ட யந்திரம். சோதனையில் குறியாக நிற்பது அதைச் செய்து கொடுத்தவனே. அவன் கை பறக்கிறது. அந்தக் காட்சியால் நமக்குத் தெரியவருவது கொலைகாரன் கொடூரன் என்பது மட்டும். அது முன்னாடியே தெரிந்ததுதானே. ஒரு புதுத் தகவலும் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. பட்ஜெட் எத்தனையோ மடங்கு, சத்தம் எத்தனையோ மடங்கு. திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பும் விரல் தந்த பதற்றம் அதில் இல்லை.

மலையாளத்தில் 1988இல் சிபி மலையில் இயக்கி மம்மூட்டி நடித்த ‘ஆகஸ்ட் 1’ இந்த விஷயத்தில் சுவாரசியமானது. அது ஜக்கால் கதையின் சாயலில், கேரள முதலமைச்சரைக் குறிவைக்கும் கூலிக் கொலைகாரனைப் பற்றியது. முதலமைச்சர் கற்பனைப் பாத்திரம் என்பதால் அவர் பிழைப்பாரா என்பது பார்வையாளனுக்குத் தெரியாது. ஃபோர்சைத் விட்டுக்கொடுத்த அந்தப் பழைய கேள்வி திரும்ப வந்துவிட்டது. படம் விறுவிறுப்பாகத்தான் போகிறது, ஆனால் அது வேறு வகை விறுவிறுப்பு.

சாலைப் பிரிவில் நின்ற கார்

இனி, என்னைப் பொறுத்தவரை நாவலுக்கும் படத்துக்கும் நடுவே உள்ள எல்லா வேறுபாடும் ஒன்றாகக் கூடி நிற்கும் இடம். ஜக்கால் பிரான்சுக்குள் வந்துவிட்டான். பாரிஸில் இருக்கும் தொடர்பாளுக்குப் போன் செய்கிறான். உன்னைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்கிறது மறுமுனை. அவன் பயன்படுத்தும் பெயர் வரைக்கும் போலீஸ் வந்தாகிவிட்டது. இப்போது அவன் முன்னால் இரண்டே வழி. திரும்பிப் போகலாம், அல்லது மேலே போகலாம்.

நாவல் வழக்கமாக ஜக்காலின் மனதுக்குள் அதிகம் போகாது. அவன் உண்மைப் பெயர்கூட நமக்குக் கடைசிவரை கிடைப்பதில்லை. இந்த இடத்தில் மட்டும் ஃபோர்சைத் கதவைக் கொஞ்சம் திறக்கிறார். பின்வாங்கினால் என்ன, பணம் என்ன ஆகும், போலீசுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும், கைவசம் இன்னும் எத்தனை வேஷம் மிச்சம் இருக்கிறது என்று அவன் கூட்டிக் கழித்துப் பார்ப்பதை நாமும் கூடவே இருந்து பார்க்கிறோம். படிக்கும்போது நமக்கு ஒரு விசித்திரமான நிலை. அவன் யோசிப்பது சரியா தப்பா என்று நம்மால் தீர்ப்புச் சொல்ல முடியும், ஏனென்றால் போலீஸ் அதிகாரி லெபெலுக்கு எவ்வளவு தெரியும் என்பது அவனைவிட நமக்கு நன்றாகத் தெரியும். அவன் ஊகிக்கிறான், நமக்கு விடை தெரியும்.

ஜின்னமன் இத்தனை யோசனையையும் எப்படிப் படமாக்கினார்? வாய்ஸ் ஓவர் போட்டிருக்கலாம். நண்பன் ஒருவனை உருவாக்கி அவனோடு விவாதிக்க வைத்திருக்கலாம். இரண்டும் பலர் செய்வது, இரண்டும் படத்தைக் கொன்றிருக்கும். அவர் செய்தது இவ்வளவுதான்: திறந்த கார் சாலைப் பிரிவுக்கு வந்து நிற்கிறது. ஒரு பக்கம் இத்தாலி என்று வழிகாட்டிப் பலகை, இன்னொரு பக்கம் பாரிஸ். அவன் உட்கார்ந்திருக்கிறான். பிறகு கார் பாரிஸ் பக்கம் திரும்புகிறது. அவ்வளவே.

யோசனை முழுவதும் போய்விட்டது, முடிவு மட்டும் மிஞ்சியது. நாவலில் அவன் ஏன் மேலே போகிறான் என்று நமக்குக் காரணம் கிடைக்கிறது. படத்தில் கிடைப்பதில்லை, கிடைக்காததால்தான் அந்த ஆள் இன்னும் பயங்கரமாகத் தெரிகிறான். பணத்துக்காகவா, கர்வத்தாலா, வேறு வாழ்க்கையே தெரியாததாலா? எட்வர்ட் ஃபாக்ஸின் முகத்தில் எந்தப் பதிலும் இல்லை. அதே நேரம் பலகைகள் இருப்பதால், அவன் முன்னால் இருந்த வழிகள் எவை, எதைத் தேர்ந்தான் என்பதில் துளி சந்தேகம் இல்லை. நாவலின் பக்கங்கள் செய்த வேலையில் கதைக்குத் தேவையான பகுதியை அப்படியே எடுத்துக்கொண்டு, மீதியை முகத்திடம் விட்டுவிட்டார். நாவலைப் படமாக்க உட்காரும் யாரும் முதலில் பார்க்க வேண்டிய காட்சி இது.

2024இல் வந்த பத்து எபிசோட் தொடர் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. எடி ரெட்மேன் நடித்த அந்த ஜக்காலுக்கு ஸ்பெயினில் மனைவி உண்டு, வீடு உண்டு, கடந்தகாலம் உண்டு. ஏன் செய்கிறான் என்பதற்கு மணிக்கணக்கில் விளக்கம். நடிப்பும் படப்பிடிப்பும் தரமானவை, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நீண்ட தொடராக எடுத்தால் நாவலுக்கு நியாயம் செய்யலாம் என்று பலர் சொல்வது த்ரில்லருக்குப் பொருந்துவதில்லை என்பதற்கு இதுவே சாட்சி. நேரம் கூடும்போது அதை நிரப்ப ஏதாவது வேண்டும். கைக்கு முதலில் கிடைப்பது கதாபாத்திரத்தின் குடும்பம். பெயர் தெரியாதவனாக இருப்பதே ஜக்காலின் முழு பலம். அவனுக்கு மாமியார் வீடு கொடுத்தால் அந்தப் பலம் போய்விடுகிறது.

கடைசிக் காட்சியில் படம் நாவலை முந்துகிறது. 1963 ஆகஸ்ட் 25, பாரிஸ் விடுதலை நாள் விழா. ஊன்றுகோலுடன் ஒற்றைக்கால் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் போலீஸ் வளையத்தைத் தாண்டி நொண்டி நொண்டிப் போகிறார். பழைய சாமான் சந்தையில் அவன் வாங்கிய கோட்டும் பதக்கங்களும், துப்பாக்கிக்காரரிடம் கேட்டு வாங்கிய மெல்லிய குழாய்களும் எதற்கு என்பது அப்போதுதான் நமக்கு விளங்குகிறது. கண்ணால் பார்த்திருந்தோம், அர்த்தம் தெரியாமல் இருந்தோம். பிறகு அந்த ஒரே ஒரு குண்டு. டி கோல் பதக்கம் குத்திய வீரரின் கன்னத்தில் முத்தமிடக் குனிகிறார், குண்டு தலைக்குப் பின்னால் பறந்துவிடுகிறது. இந்த முத்த வழக்கம் ஆங்கிலேயனுக்குப் பழக்கமில்லாதது என்று நாவல் நின்று விளக்க வேண்டியிருக்கிறது. மிகக் கெட்ட நேரத்தில் வரும் விளக்கம் அது. படத்தில் குனிவதைப் பார்க்கிறோம், முடிந்தது.

காட்ட முடியாத முகம்

எழுத்துக்கு இருக்கும் ஒரு வசதி கேமராவுக்குக் கிடையாது. எழுத்தில் ஒருவரை முகமில்லாமல் உலவவிடலாம். ராபர்ட் பிளாக்கின் ‘சைக்கோ’ நாவல் (1959) நார்மன் பேட்ஸும் அவன் தாயும் வாக்குவாதம் செய்வதோடு தொடங்குகிறது. நாம் நார்மனின் தலைக்குள் இருப்பதால், அவனுக்குக் கேட்பது நமக்கும் கேட்கிறது. பின்னால், தாய் எப்போதோ இறந்துவிட்டாள் என்ற உண்மை தெரிந்து திரும்பிப் பார்த்தால் பிளாக் பொய் சொல்லவில்லை. நார்மனுக்கு அது நிஜம். இதையே படத்தில் முதல் காட்சியாக வைத்தால் ஒன்று தாயைக் காட்ட வேண்டும், அல்லது காட்டாமல் மறைத்து "ஏன் காட்டவில்லை?" என்ற கேள்வியை முதல் நிமிடத்திலேயே கிளப்ப வேண்டும்.

1960இல் ஹிட்ச்காக்கும் திரைக்கதாசிரியர் ஜோசஃப் ஸ்டெஃபானோவும் தொடக்கத்தையே மாற்றினார்கள். பணம் திருடிக்கொண்டு ஓடும் பெண்ணோடு படம் தொடங்குகிறது. நாவலில் சீக்கிரமே செத்துப்போகும் அவளை முக்கால் மணி நேரம் நாயகியாகவே வைத்திருந்து, பிறகு குளியலறையில் கொல்கிறார்கள். அத்தனை நேரமும் நம் கவனம் திருட்டுப் பணத்தின் மேல். தாயின் மேல் சந்தேகப்பட நேரமே இல்லை. நாவலில் நார்மன் நாற்பது வயதுத் தடியன், குடிகாரன். அந்த உருவத்தைத் திரையில் பார்த்தவுடன் யாரும் சந்தேகப்படுவார்கள். ஆகவே கூச்ச சுபாவமுள்ள ஒல்லிப் பையனாக ஆண்டனி பெர்கின்ஸ். குளியலறைக் கொலை படமாக்கப்பட்டபோது அவர் அங்கேயே இல்லை. நிழலாகத் தெரியும் உருவம் வேறொரு பெண். தாயின் குரலுக்கு ஒருவருக்கு மேற்பட்டவர்கள் பேசியதைக் கலந்திருக்கிறார்கள். நார்மன் தாயைத் தூக்கிக்கொண்டு பாதாள அறைக்குப் போகும் காட்சியில் கேமரா படியேறி, கூரைக்குப் போய், நேர் மேலிருந்து பார்க்கிறது. வெட்டாமல் ஒரே ஷாட்டில் போவதால், மறைக்கிறார்கள் என்றே தோன்றுவதில்லை. நாவலில் மேற்கோள் குறிகள் செய்த வேலையைப் படத்தில் செய்ய இத்தனை பேர், இத்தனை ஏற்பாடு.

எழுத்தில் சொல்பவர் பொய் சொல்லலாம். அது அவருடைய குணம் என்று ஏற்றுக்கொள்வோம். படம் பொய் சொன்னால் இயக்குநர் நம்மை ஏமாற்றியதாகவே தோன்றும். கில்லியன் ஃப்ளின்னின் ‘கான் கேர்ல்’ (2012) நாவலில், காணாமல் போகும் மனைவி ஏமி இட்டுக்கட்டி எழுதிய டைரி வெறும் எழுத்து. யாரோ எழுதியது என்ற உணர்வு ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. டேவிட் ஃபிஞ்சரின் படத்தில் (2014) அதே டைரி காட்சிகளாக வருகிறது. கண்ணால் பார்த்ததை நம்பாமல் எப்படி இருப்பது? திரைக்கதையை ஃப்ளின்னே எழுதியிருந்தும் இந்தச் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. டைரியில் பேனா ஓடுவதையும் ஏமியின் குரலையும் அடிக்கடி கொண்டுவந்து, இது எழுதப்பட்டது என்று நினைவூட்டிச் சமாளித்திருக்கிறார்கள்.

படத்துக்கே உரிய பொய் எடிட்டிங்கில் இருக்கிறது. ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ படத்தில் (1991) எஃப்.பி.ஐ. படை ஒரு வீட்டைச் சூழ்கிறது, மணியை அழுத்துகிறார்கள், உள்ளே கொலைகாரனுக்கு மணி கேட்கிறது, கதவைத் திறக்கிறான். வாசலில் எஃப்.பி.ஐ. பயிற்சி மாணவி கிளாரிஸ் தன்னந்தனியாக. படை நிற்பது வேறு ஊரில், காலி வீட்டு முன்னால். ஒரு வார்த்தைப் பொய் இல்லை. இரண்டு ஷாட்டை அடுத்தடுத்து வைத்தார்கள், மீதிப் பொய்யை நாமே சொல்லிக்கொண்டோம். உரைநடையில் இது கடினம். "கதவைத் திறந்தான்" என்று எழுதினால் எந்தக் கதவு என்ற கேள்வி உடனே வந்து நிற்கும்.

நட்சத்திரம் இன்னொரு சிக்கல். நாவலில் எட்டுப் பேர் சந்தேகத்துக்கு உரியவர்கள் என்றால் எட்டும் ஒரே அச்செழுத்து. படத்தில் அதில் ஒருவர் பிரபல நடிகர், மற்றவர்களைப் பார்த்த ஞாபகமே இல்லை என்றால், இன்டர்வலுக்கு முன்பே கொலையாளி பிடிபட்டுவிடுவான். எட்வர்ட் ஃபாக்ஸ் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன் என்றது இதற்காகத்தான். கூட்டத்தில் கலந்து மறைய வேண்டிய ஒருவன், திரையில் தோன்றியதும் கைதட்டல் வாங்கினால் கதை அங்கேயே முடிந்தது. நம் ஊர் உதாரணமும் இருக்கிறது. சுஜாதாவின் ‘ப்ரியா’ லண்டனில் நடக்கிறது. 1978இல் வந்த படம் சிங்கப்பூரில். ஊர் மாறியதில் தப்பே இல்லை. கணேஷாக ரஜினி வந்ததில்தான் கணக்கு மாறியது. கதையில் கணேஷ் ஒரு வக்கீல். கட்சிக்காரர் சொன்ன அளவுக்குத்தான் அவனுக்கு விவகாரம் தெரியும், மீதியைத் தோண்டி எடுக்க வேண்டும். நாயகனாகப் பாட்டும் சண்டையுமாக வரும் கணேஷ் எதிலும் பின்தங்கி நிற்க முடியாது. இளையராஜாவின் பாட்டுகள் இன்றும் நிற்கின்றன. துப்பு அங்கே ஊறுகாய் ஆகிவிட்டது.

ரகசியத்தை முன்னாடியே உடைப்பது

எல்லாவற்றிலும் துணிச்சலான மாற்றம் ‘வெர்டிகோ’வில். பொவாலோ, நார்ஸ்ஜாக் என்ற இரட்டையர் 1954இல் எழுதிய பிரெஞ்சு நாவல் மூலம். உயரத்தைக் கண்டு பயப்படும் முன்னாள் போலீஸ்காரன், அவன் கண்காணிக்கும் பெண், அவளுடைய மரணம், பிறகு அவளைப் போலவே இன்னொருத்தி. இருவரும் ஒருத்தியே என்பதை நாவல் கடைசிப் பக்கங்கள் வரை பொத்தி வைக்கிறது. வாசகன் அந்த ஆளின் குழப்பத்துக்குள்ளேயே அடைபட்டிருக்கிறான். ஹிட்ச்காக்கின் 1958 படத்தில், ஏறக்குறைய அரை மணி நேரம் பாக்கி இருக்கும்போதே அந்த இன்னொருத்தி, ஜூடி, உண்மையைக் கடிதமாக எழுதுகிறாள், பிறகு கிழித்துப் போடுகிறாள். நமக்குத் தெரிந்துவிட்டது, முன்னாள் போலீஸ்காரன் ஸ்காட்டிக்குத் தெரியாது.

கூட இருந்தவர்கள் பலர் இதை எதிர்த்தார்கள். ரகசியம் போனால் என்ன மிச்சம்? மிச்சம் ஜூடி. நாவலில் அவள் கடைசிவரை ஒரு புதிர்; அவள் மனதில் என்ன என்று கேட்கவே நமக்குத் தோன்றாது. படத்தில் ஸ்காட்டி அவளைத் துணிக்கடைக்கு இழுத்துப் போய், முதல் பெண் அணிந்திருந்த அந்தச் சாம்பல் நிற உடையைத் தேடும்போது, நாம் பார்ப்பது அவனை அல்ல, அவளை. எந்த உடை வந்தால் தான் மாட்டிக்கொள்வோம் என்று அவளுக்குத் தெரியும். அதைப் போட்டுக்கொண்டால்தான் அவன் காதலிப்பான் என்பதும் தெரியும். தகவல் ஒரே ஒரு பத்தி இடம் மாறியதில், புதிர்க்கதை துயரக்கதை ஆனது. நாவலாசிரியர்கள் மறைத்ததில் தப்பு இல்லை. மறைப்பதற்கு எழுத்தில் ஒரு குரல் போதும். நடிகையின் முகம் எதிரே இருக்கும்போது அதை அரை மணி நேரம் வீணாக்கி, கடைசி நிமிடத்தில் திடுக்கிட வைப்பது நஷ்டம் என்று ஹிட்ச்காக் கணக்குப் போட்டிருக்கிறார்.

முதலில் படிப்பதா, பார்ப்பதா என்று கேட்பவர்களுக்கு. ‘ஜக்கால்’ எந்த வரிசையிலும் சரி. முடிவு தெரிவதால் எதுவும் குறையாதபடிதான் அது கட்டப்பட்டிருக்கிறது. 1973 படம் என்று பார்த்து எடுங்கள், 1997 அல்ல. ‘கான் கேர்ல்’ கட்டாயம் நாவல் முதலில். டைரியின் பொய் எழுத்தில்தான் நியாயமாக இருக்கிறது. ‘வெர்டிகோ’வுக்குப் படம் போதும், ஆர்வம் இருந்தால் நாவல். ‘சைக்கோ’வுக்குப் படம் முதலில், பிறகு பிளாக்கின் முதல் அத்தியாயம் மட்டுமாவது. உண்மை தெரிந்த பிறகு அந்தத் தாய் பேசும் ஒவ்வொரு வரியையும் பாருங்கள். அறைக்குள் அவள் வருவதும் பேசுவதும் நார்மன் அறிந்த அளவுக்கு மேல் ஒரு சொல்கூட இல்லாமல் எழுதப்பட்டிருக்கும்.